கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று 640 பவுண்டை விழுங்கிவிட்டார்கள்

நேற்றுப் பின்னேரம்தான் விஷயம் உறுதியானது. ஆறப்போட்டால் வெட்கம் வந்து எழுதவிடாது, அதனால் சூட்டோடு எழுதுகிறேன். என் கையை விட்டுப் போனது 640 பவுண்டு. வசதியானவருக்கு அது பெரிய காசில்லை. கடனைக் கட்ட வழியில்லாமல் உதவி தேடிப் போனவனுக்கு அது எவ்வளவு என்று அப்படித் தேடிப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

சனவரியில் காரின் கியர்பொக்ஸ் போய்விட்டது. நான் வேலை செய்யும் கிடங்குக்கு இரவில் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. அவசரத்துக்கு 300 பவுண்டு பேடே லோன், அதாவது சம்பளம் வந்ததும் கட்டும் குறுகிய காலக் கடன், எடுத்தேன். சம்பளம் விழுந்த காலையிலேயே அவர்கள் தவணையை இழுத்துக்கொள்ள, வாடகைக்குக் காசு குறைந்தது. வாடகைக்காக வேறு இடத்தில் 400. அந்தத் தவணைகளைச் சமாளிக்க இன்னோர் இடத்தில் 250. மொத்தம் 950. இதில் என் பிழையும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, நித்திரை வராமல், 'டெப்ட் மனேஜ்மென்ட் பிளான்' என்று போனில் தேடினேன். எல்லாக் கடனையும் சேர்த்து மாதம் ஒரு தொகை கட்டினால், அதைக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மேலே வந்தது ஒரு கடன் தீர்வு நிறுவனத்தின் விளம்பரம். பார்த்தால் அரசாங்கப் பக்கம் மாதிரியே நீல நிறமும் முத்திரையும். விவரத்தை நிரப்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் வந்துவிட்டது.

பெயரைப் பார்த்திருப்பார்கள் போல. பேசியவர் தமிழர். எடுத்ததும் "அண்ணை" என்றார். இந்த மூன்று மாதமும் மனைவியிடம்கூடச் சொல்லாத கதையை முன்பின் தெரியாத அந்த ஆளிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன். ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "நீங்கள் இனி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை, இண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளுங்கோ" என்றார். உண்மையிலேயே அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். இப்போது அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நித்திரை கொள்ளச் சொல்லுமுன் பயமும் காட்டியிருந்தார். இப்படியே விட்டால் 950 ஆறு மாதத்தில் 5,000 ஆகுமாம், கடனுக்காகப் பொருளை அள்ளிக்கொண்டு போகும் பெய்லிவ் வாசலில் வந்து நிற்பானாம். இரண்டும் பச்சைப் பொய். இங்கே பிரிட்டனில் 2015 சனவரியிலிருந்து பேடே லோனுக்கு உச்சவரம்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 0.8 வீதத்துக்கு மேல் வட்டி போட முடியாது, தவணை தவறினால் 15 பவுண்டுக்கு மேல் தண்டம் கேட்க முடியாது. எல்லா வட்டியும் கட்டணமும் சேர்ந்தாலும் வாங்கிய தொகையைத் தாண்டக்கூடாது. என் 950 எந்தக் காலத்திலும் 1,900ஐத் தாண்டாது. கோர்ட் தீர்ப்பு இல்லாமல் பெய்லிவும் வர முடியாது. இதெல்லாம் எனக்கு நேற்றுத்தான் தெரியும். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

'கோப்புத் திறக்கும் செலவு' என்று 280 பவுண்டை அன்றே வங்கி வழியாக அனுப்பினேன். ஏப்ரல் கடைசியில் 180, மே கடைசியில் 180. ஆக 640. "கடன்காரர் அடித்தால் எடுக்காதேங்கோ, வங்கியிலையும் ஒண்டையும் மாத்தாதேங்கோ, எல்லாம் நாங்கள் பாப்பம்" என்றார். நானும் எடுக்கவில்லை, மாற்றவில்லை. மே மாதச் சம்பளம் வந்த அன்று இரண்டு கம்பனிகள் பழையபடி என் கார்ட்டிலிருந்து காசை இழுத்துவிட்டன. கணக்கு மைனசுக்குப் போனது.

உடனே அழைத்தேன். "சிஸ்டத்தில ஏற ஒரு கிழமை செல்லும்." அடுத்த கிழமை, "உங்கட கோப்பு வேறை பிரிவுக்குப் போட்டுது." பிறகு ஆங்கிலத்தில் ஒரு பெண், மேலாளர் கூட்டத்தில் இருக்கிறாராம். அந்தக் கூட்டம் ஒன்பது நாள் நடந்தது! மின்னஞ்சல் போட்டால், 'உங்கள் கடிதம் எமக்கு முக்கியமானது' என்று இயந்திரப் பதில். "அண்ணை" என்றவர் திரும்ப லைனுக்கு வரவேயில்லை.

நேற்று ஒரு கடன்காரக் கம்பனிக்கு நானே போன் எடுத்தேன். என் சார்பில் எவரும் அவர்களுக்கு ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை, ஒரு பென்ஸ்கூடக் கட்டவில்லை. பிறகு அந்த நீலப் பக்கத்தின் அடியில் இருந்த அனுமதி இலக்கத்தை, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எப்.சி.ஏ. அமைப்பின் பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன். இலக்கம் உண்மைதான், ஆனால் அது வேறொரு நிறுவனத்துடையது. பதிவேட்டில் இருந்த போன் இலக்கத்துக்கு அடித்ததும் அங்கிருந்த பெண் பெருமூச்சு விட்டு, "நீங்கள் முதல் ஆள் இல்லை" என்றார்.

வங்கி என்ன சொல்கிறது தெரியுமா? நான்தானே விரும்பி அனுப்பினேனாம், இது மோசடியாக இல்லாமல் சேவைத் தகராறாகவும் இருக்கலாமாம். எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். மறுத்தால், வங்கி மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போவேன், 640 பவுண்டையும் விடப்போவதில்லை.

இதில் கொடுமை எது தெரியுமா? நேற்று நான் எடுத்த அதே போனில், கையில் காசில்லை என்று உள்ளதைச் சொன்னதும் அந்தக் கம்பனி வட்டியை நிறுத்தி, மாதம் 20 பவுண்டு கட்டச் சம்மதித்தது. பதினைந்து நிமிட வேலை. அதற்கா 640 பவுண்டு கொடுத்தேன்!

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டெப்ட் மனேஜ்மென்ட் பிளான் போட்டுத் தருவதற்கென்று எவருக்கும் ஒரு சதமும் கட்டணம் கட்டாதீர்கள். ஸ்டெப்சேஞ்ச், பேபிளான் என்ற கடன் உதவி அமைப்புகள் இரண்டும் இலவசமாகவே போட்டுத் தருகின்றன. நேஷனல் டெப்ட்லைன் இலவசமாக ஆலோசனை சொல்லும். விளம்பரத்தில் உள்ள போன் இலக்கத்தை நம்பாமல், பதிவேட்டில் இருப்பதற்கு அடியுங்கள். கார்ட்டிலிருந்து இழுக்கும் அனுமதியை உங்கள் வங்கியிடம் சொல்லி நீங்களே நிறுத்தலாம், வங்கி மறுக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸில் இருப்பவர்கள் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற அரசாங்கத் திட்டம் பற்றிக் கடன் ஆலோசகரிடம் கேளுங்கள், 60 நாள் வட்டியும் நெருக்கடியும் நிற்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புது இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. 95 பவுண்டு கட்டினால் என் 640ஐ மீட்டுத் தருவார்களாம். என் 640 பவுண்டு கதை அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? நான் இதுவரை வங்கிக்கும், பதிவேட்டில் இருந்த அந்த நிறுவனத்துக்கும் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். மிச்சம் தெரிந்தவர்கள் அந்த நீலப் பக்கத்துக்காரர்கள்தான்.