செங்கோட்டை பாட்டுப்பெட்டிக் கடை: ரிப்பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், வாங்கப் போனால் ஸ்க்ரூ டிரைவரோடு போங்கள்

சாவி கொடுத்து ஓடும் பழைய கிராமபோன் பெட்டிகளையும் அவற்றில் போடும் பிளேட்டுகளையும் (இசைத்தட்டுகள்) விற்று, ரிப்பேரும் செய்யும் கடை இது. பெயர்ப்பலகை இல்லை. வாசல் கம்பியில் பாதி உடைந்த பிளேட் ஒன்று தொங்கும், அதுதான் அடையாளம். முன்கட்டில் விற்பனை, பின்கட்டில் ரிப்பேர். கூரை ஒன்றுதான் என்றாலும் இரண்டும் ஒரே கடை என்று நம்பிவிட வேண்டாம். பின்கட்டுக்கு ஐந்துக்கு நாலரை மார்க். முன்கட்டுக்கு இரண்டு, அதுவும் கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள் என்பதற்காக. கேட்காவிட்டால் சொல்வதில்லை.

சரக்கு இரண்டு பக்கமும் இருந்து வருகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அதனால் புனலூர், கொல்லம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பெட்டிகள் மலையேறி இங்கே வந்து சேர்வது வழக்கம். தென்காசி, கடையநல்லூர் பக்கமிருந்து வருவது பெரும்பாலும் மைக் செட்காரர்கள் கழித்துக்கட்டிய பிளேட்டுகள். இந்த வித்தியாசம் முக்கியம், பிறகு சொல்கிறேன்.

முதலில் பின்கட்டு. பாட்டு நடுவே 'தடக்' என்று ஒரு குலுங்கல் வந்து, பிளேட் ஒரு நொடி தயங்கி மறுபடி ஓடுகிறதா? மோட்டார் போச்சு என்று பயப்பட வேண்டாம். மோட்டாரை ஓட்டும் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாவுக்குள் பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திடீரென்று விடுபடுவதுதான் அந்தச் சத்தம். இங்கே சாவியை முழுசாக இறக்கிய பிறகுதான் மோட்டாரையே வெளியில் எடுக்கிறார்கள். டப்பா மூடியைத் திறந்து, கனத்த கையுறையோடு, மேலே சாக்கைப் போட்டு, நடுச்சுருளிலிருந்து ஒவ்வொரு சுற்றாக விடுகிறார்கள். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் கையைக் கட்டிக்கொள்வது உத்தமம். துள்ளி வரும் ஸ்பிரிங் விரலைப் பதம் பார்த்துவிடும்.

மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வேசலினில் கிராஃபைட் தூள் குழைத்துப் பூசித் திரும்பச் சுற்றுகிறார்கள். பழைய முறைதான், நன்றாகவே வேலை செய்கிறது. ஒர்க்‌ஷாப் கிரீஸை அப்பிக்கொண்டு வந்த பெட்டிகளைக் கடைக்கார அண்ணாச்சி திட்டிக்கொண்டேதான் பிரிப்பார். அது சில வருஷத்தில் மறுபடி இறுகிவிடும்.

ஸ்பிரிங் அறுந்திருந்தால் எங்கே அறுந்தது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வெளிமுனைத் துளைக்குப் பக்கத்தில் என்றால் புது ஸ்பிரிங் தேவையில்லை. முனையை மட்டும் தீயில் காட்டிப் பதம் இறக்கி, இரண்டு அங்குலம் வெட்டி, புதுத் துளை போட்டால் போதும். அந்த இரண்டு அங்குலக் குறை ஓட்டத்தில் தெரியாது. உள்முனை என்றால் அச்சைப் பற்றும் வளைவை மறுபடி உண்டாக்க வேண்டும், அது நுணுக்கமான வேலை. நடுவில் அறுந்திருந்தால் ஒட்டு வேலைக்கு இடமே இல்லை, புதுசுதான். புது ஸ்பிரிங்குக்கு அகலம், கனம், நீளம், இரு முனைகளின் வடிவம் என நான்கும் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் டப்பாவில் உட்காராது. முனையில் அறுந்த ஸ்பிரிங்குக்கும் 'புதுசு போட்டாச்சு' என்று பில் போடும் இடங்கள் உண்டு. இங்கே அந்தப் பேச்சில்லை. மோட்டார் முழுசாகப் பிரித்துப் போட 2,500 ரூபாய், ஸ்பிரிங் விலை தனி.

மோட்டார் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் விஷயத்திலும் கை சுத்தம். மூன்று எடைகளைத் தாங்கும் மூன்று மெல்லிய பட்டை ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்தாலும் மூன்றையும் ஒரே கனத்தில் மாற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை ஒரு பக்கம் சாய்ந்து மோட்டார் நடுங்கும், பாட்டில் குரல் அலையடிக்கும். வேகத்தைத் தடுக்கும் ஃபெல்ட் காய்ந்திருந்தால் கிறீச்சிடும். அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

இந்தக் கடையின் உண்மையான கைத்திறன் சவுண்ட் பாக்ஸில்தான், அதாவது ஊசியின் அதிர்வைச் சத்தமாக்கும் வட்ட டப்பாவில். எச்.எம்.வி. எக்ஸிபிஷன் சவுண்ட் பாக்ஸ் ஒன்றைப் பிரித்ததை அப்படியே சொல்கிறேன். மைக்கா தகட்டின் நடுவில் ஒரு பொடி ஸ்க்ரூ, அதன் மேல் மெழுகு. பலரும் அதை நேராகத் திருகி மைக்காவைக் கீறிவிடுவார்கள். அண்ணாச்சி சூடான ஊசி முனையை மெழுகில் வைத்து இளக்கிவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட்டார். பின்தகட்டின் மூன்று ஸ்க்ரூவையும் கழற்றினால் மைக்காவின் விளிம்பை இரண்டு பக்கமும் தாங்கும் ரப்பர் வளையங்கள் தெரிகின்றன. ரப்பர் என்று பெயர்தான், நகத்தால் தட்டினால் கல். தகடு அதிர இடமில்லாததால் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது.

பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, சைக்கிள் வால்வு டியூபை அளந்து வெட்டி உள்ளே படுக்கவைத்தார். இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. பின்தகட்டின் ஸ்க்ரூக்களை முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்கினார். அதிகம் இறுகினால் மறுபடி அதே தகர டப்பா, தளர்ந்தால் உச்சத்தில் கரகரப்பு. பிறகு ஊசியின் அசைவை மைக்காவுக்குக் கடத்தும் ஊசிப் பட்டையின் இரு பக்க ஸ்க்ரூக்கள். மைக்காவைத் தள்ளாமலும் இழுக்காமலும் பட்டையின் நுனி நடுத்துளையில் தானாக வந்து நிற்க வேண்டும். அது நின்ற பிறகே நடு ஸ்க்ரூ, அதன் மேல் காற்று கசியாதபடி ஒரு துளி தேன்மெழுகு. இதற்கு 800 ரூபாய். நம் வெயிலுக்கு வால்வு டியூப் சில வருஷத்தில் இறுகும் என்பதால் மெல்லிய சிலிக்கான் டியூப் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வைத்திருக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான் வரும். (முன்கட்டின் வியாதி பின்கட்டுக்கும் கொஞ்சம் தொற்றியிருக்கிறது.)

சோதிப்பதற்கு அவர்கள் வைப்பது கிட்டப்பா பிளேட். 1906-ல் இதே செங்கோட்டையில் பிறந்து 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவை ஊர்ப்பாசத்துக்காக வைக்கிறார்கள் என்று நினைத்தால் தப்பு. அந்த உச்ச ஸ்தாயியில் சவுண்ட் பாக்ஸ் கரகரக்காமல் நின்றால் வேறு எதிலும் கரகரக்காது. பெட்டியைத் திரும்ப வாங்கும்போது நீங்களும் உரத்த குரலோ நாகஸ்வரமோ உள்ள பிளேட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். முழுச் சாவிக்கு 10 அங்குல பிளேட்டின் ஒரு பக்கம், அதாவது மூன்று நிமிஷம், கடைசிவரை வேகம் குறையாமல் ஓட வேண்டும்.

வேகம் பார்க்க 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை வைத்திருக்கிறார்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் நிமிஷத்துக்கு 77.92 சுற்று, அதாவது இந்த பிளேட்டுகளுக்கு வேண்டிய 78 என்று அர்த்தம். ஆனால் கடையில் இப்போது எரிவது எல்.இ.டி. விளக்கு, அதில் பல ரகம் மினுக்குவதே இல்லை. சோக் வைத்த பழைய டியூப் லைட் பின்சுவரில் இருக்கிறது, அதன் கீழே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிளேட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு வைத்து 20 நொடிக்கு 26 சுற்று எண்ணினால் கணக்கு சரி. எண்ணும்போது ஊசி பிளேட்டின் மேல் இருக்க வேண்டும். சும்மா சுற்றும் வேகம் வேறு, பாரத்தோடு சுற்றும் வேகம் வேறு.

இனி முன்கட்டு. நுழைந்ததும் கண்ணில் படுவது பளபளக்கும் பித்தளைக் கொம்பு வைத்த பெட்டிகள், முகப்பில் நாய் படம் போட்ட தகடு. புனலூரிலிருந்து வந்த ஒருவர் விலை பேசி முடிக்கும் நேரத்தில் கேட்டார்:

"அண்ணாச்சி, இது ஒரிஜினல்தானே?"

"மோட்டார் சீமை, கொம்பு மொராதாபாத், பெட்டி புதுசு. பாட்டு வரும். பழசான்னு கேட்டா, இல்ல."

ஒரே மூச்சில் மூன்று உண்மை (மொராதாபாத் பித்தளைப் பட்டறைகளின் ஊர்). கேட்காமலேயே வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ! வரவேற்பறை அலங்காரத்துக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். பழம்பொருள் விலை கொடுப்பதாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். மோட்டார் பலகையைத் தூக்கிப் பாருங்கள்: கைப்பெட்டி மாடலிலிருந்து கழற்றிய சிறு மோட்டார் பெரிய பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தால் அது கூட்டுப் பெட்டி. சாவித் துளை மோட்டாரின் அச்சுக்கு நேராக இல்லாமல் பிற்பாடு குடைந்தது போல இருக்கும். பெட்டியின் உள்பக்கம் புதுப் பாலிஷ் வாசனை, அல்லது சாயம் பூசாத புது மரம். சவுண்ட் பாக்ஸில் எழுத்து மழுங்கலாக வார்த்திருக்கும். கொம்பும் டோன் ஆர்மும் (சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாய்க் கை) சேரும் முழங்கை கரடுமுரடாக, காற்று கசியும்படி இருக்கும். டோன் ஆர்மை வெளி ஓரத்திலிருந்து உள்லேபிள் வரை கையால் நகர்த்துங்கள், வழியில் எங்கும் பிடிக்கக் கூடாது. பித்தளைப் பளபளப்பு பழமைக்குச் சாட்சி இல்லை. அந்தக் காலத்துக் கொம்புகளில் வண்ணம் பூசிய இரும்புத் தகடும் ஏராளம். அசல் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்க நினைப்பவர்களுக்கு மலைக்கு அந்தப்புறம், கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில் கிராமபோன் அருங்காட்சியகமே இருக்கிறது.

முன்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு அல்ல, பாதி மூடிக்கொண்டு வாங்கக்கூடியது எச்.எம்.வி. 102 கைப்பெட்டி. 1931-ல் வந்த மாடல். கறுப்புத் துணி ஒட்டிய சூட்கேஸ் மாதிரி இருக்கும், அழகு கிடையாது, அதனாலேயே போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. இதன் சவுண்ட் பாக்ஸில் மைக்காவுக்குப் பதில் அலுமினியத் தகடு. அதில் விரல் அமுங்கிய பள்ளம் இருக்கிறதா என்று ஓட்டை வழியாகப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில் மயிரிழை விரிசலோ உப்பலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். அந்த வார்ப்பு உள்ளுக்குள்ளேயே பெருத்து உதிரும், ஒட்டவும் முடியாது, உருக்கி இணைக்கவும் முடியாது.

பிளேட் வாங்குவதில்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். கடைப்பையன் ஒவ்வொரு பிளேட்டையும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துக் கருகருவென்று அடுக்கிவைக்கிறான். பார்க்க லட்சணம், பிளேட்டுக்குச் சனி. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பள்ளத்தில் அப்பும், குற்றாலச் சாரல் காலத்து ஈரத்தில் பூஞ்சைக்கு அது விருந்து. முகர்ந்து பார்த்தாலே தெரியும். எண்ணெய் தேய்க்காத பிளேட்டாகக் கேளுங்கள், உள்ளே வைத்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் மைக் செட் பிளேட்: ஒரே ஊசியில் நூறு கல்யாணம் பார்த்தது. வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது கீறல் விழுந்திருந்தாலும் பள்ளம் கறுப்பாக இருக்கும். கீறல் 'டிக் டிக்' என்பதோடு போய்விடும், தேய்ந்த பள்ளத்தில் பாட்டே இருக்காது. அடுத்து, நடுத்துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு ஓரத்தில் லேசாகச் சுண்டுங்கள். கணீரென்றால் முழுசு, மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல். நாற்பது ஐம்பது என்று படுக்கையாக அடுக்கியிருப்பதால் அடியில் இருப்பவற்றில் விரிசல் அதிகம், மேலாக எடுங்கள்.

வீட்டில் கழுவ, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், பள்ளம் போகும் திசையிலேயே. லேபிள் நனையக் கூடாது, ஊறவைக்கவும் கூடாது, உடனே துடைத்து நிழலில் நிறுத்திவைக்க வேண்டும். ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போகாதீர்கள். பிளேட்டில் இருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மர பாலிஷ் போடும் ஆசாரிகள் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தானே.

ஊசி புதுசு கிடைக்கிறது, தடிமனைப் பொறுத்துச் சத்தம் கூடும் குறையும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற கணக்கில் வாங்குங்கள். பிளேட்டில் கலந்திருக்கும் கல் தூள்தான் ஊசியைப் பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்க்கிறது. தேய்ந்த ஊசியை மறுபடி வைத்தால் அதன் கூரான தோள் அடுத்த பாட்டைச் சீவிவிடும். கடையிலேயே சோதிக்கும்போது ஒரே ஊசியை நாலு பிளேட்டுக்குப் போடுகிறார்கள். உங்கள் பிளேட் என்றால் கூச்சப்படாமல் ஊசியை மாற்றச் சொல்லுங்கள். பிற்காலத்து எல்.பி. (வினைல்) ரெக்கார்டை மட்டும் இந்தப் பெட்டிகளில் வைத்துப் பார்த்துவிடாதீர்கள், சவுண்ட் பாக்ஸின் பாரத்துக்கு ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

கண்ணாடி அலமாரியில், பிளேட்டுக்குப் பதில் உருளையில் பதிந்த பாட்டைப் பாடும் எடிசன் சிலிண்டர் போனோகிராஃப் ஒன்றும் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை. சிலிண்டர் மெஷினுக்குத் தோல் பெல்ட் மாற்றுவார்கள், மோட்டார் துடைப்பார்கள், அதற்கு மேல் கை வைப்பதில்லை. அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் நல்லதுதான். மெழுகுச் சிலிண்டரைக் கொண்டுபோனால் வெளிப்பக்கம் தொடாமல், உள்துளையில் இரண்டு விரலை விரித்துத் தாங்கிக் கொடுங்கள்.

ரிப்பேருக்குச் சொல்லும் நாளைவிட இரண்டு வாரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், சாரல் சீசனில் இன்னும் கூடுதல். பெட்டியைத் திரும்ப எடுத்து வரும்போது சாவியை முழுசாக இறக்கி, சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வைத்து, டோன் ஆர்மைக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். பிளேட்டுகளைப் பையில் நிமிர்த்தி வைத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கொல்லம் ரயிலில் ஜன்னலோரச் சீட்டுக் கிடைத்தால் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். வெயிலில் அரக்கு இளகி வளைந்துவிடும்.