மண்டி பில்லும் பிஎச்பி தேதியும்: 2011 முதல் இன்று வரை

காய்கறி மண்டிகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்றை 2011 முதல் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். கூட்டல் கழித்தலில் தப்பு வந்து திட்டு வாங்கியதைவிடத் தேதியில் தப்பு வந்து வாங்கியதுதான் அதிகம்.

பார்க்க எளிமைதான். தேதியை எழுதிக் காட்டும் டேட் என்ற ஃபங்ஷனுக்குள் (கட்டளைக்குள்) ஒற்றை எழுத்துகளைக் கோத்துக் கொடுத்தால் போதும். சிறிய டி நாள், சிறிய எம் மாதம், பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டு, பெரிய எச் 24 மணிக் கணக்கு. அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். அந்தத் தெம்பில் நிமிடத்துக்கும் எம் என்றே போட்டுவிட்டேன். அது மார்ச் மாதம். பில்களில் 3:03, 4:03, 5:03 என்று அச்சாகிக்கொண்டே இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. ஏப்ரல் பிறந்து எல்லாம் 04 ஆனதும் மண்டிக்காரர் அழைத்தார். "தம்பி, உங்கள் கடிகாரம் மாதத்துக்கு ஒரு நிமிடம்தான் ஓடுமா?" என்றார்.

நிமிடத்துக்கு உரிய எழுத்து ஐ. எம் என்ற எழுத்தை மாதம் எடுத்துக்கொண்டது. "நிமிடத்தின் 'நி'யில் உள்ள இகரம்" என்று மனப்பாடம் செய்த பிறகு இன்றுவரை தவறியதில்லை.

அடுத்த அடி சர்வரிலிருந்து விழுந்தது. அதன் கடிகாரம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே நள்ளிரவு முதல் காலை 5:30 வரை போட்ட பில்லுக்கெல்லாம் முந்தைய நாள் தேதி. துணிக்கடையாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் தெரிந்திருக்காது. மண்டியில் வியாபாரமே அந்த நேரத்தில்தான். 'ஏசியா/கொல்கத்தா' என்று நேர மண்டலத்தை ஒரு வரியில் சொன்னதும் சரியாயிற்று.

தேதியை எழுதிக் காட்டுவதில் பிஎச்பியை நம்பலாம். பிறர் எழுதிய தேதியைப் படிக்கச் சொல்லும்போதுதான் வினை. ஸ்டிர்டுடைம் என்ற ஃபங்ஷன், இடையில் சாய்கோடு இருந்தால் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கும். சிறுகோடு இருந்தால் நாள் எண்ணை முதலில் படிக்கும். 05/04/2015 மே 4 ஆகிவிடும். 05-04-2015 ஏப்ரல் 5. வாடிக்கையாளர் தந்த எக்செல் கோப்பில் 12ஆம் தேதி வரை சத்தமில்லாமல் மாறிப்போயிற்று. 13இலிருந்து படிக்கவே முடியாமல் எல்லாம் 1970 ஜனவரி 1. தரவில் எங்காவது '1970 ஜனவரி 1, காலை 5:30' என்று கண்டால் வேறெங்கும் தேடாதீர்கள், அது இந்திய நேரத்தில் காட்டப்பட்ட சுழியம்; கணினி நொடிகளை எண்ணத் தொடங்கும் புள்ளி யூடிசியில் 1970 ஜனவரி 1 நள்ளிரவு.

மாற்றாக வந்த கிரியேட் ஃப்ரம் ஃபார்மட் நல்ல கருவி. எந்த அமைப்பில் படிக்க வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம். ஆனால் அமைப்பில் நேரம் இல்லையென்றால் அந்த நொடியின் நேரத்தை ஒட்டிவிடும். ஒரே தேதியை இரண்டு முறை படித்து ஒப்பிட்டால் சமமில்லை என்று வரலாம். அமைப்பின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் நேரம் சுழியமாகும். 31/02/2021 கொடுத்தாலும் மறுக்காமல் மார்ச் 3 என்று வாங்கிக்கொள்ளும் தாராளம் மட்டும் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

2013இல் பிஎச்பியின் 5.5ஆம் பதிப்போடு வந்த டேட்டைம் இம்யூட்டபிள் என்ற மாறாத தேதிதான் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. பழைய டேட்டைமில் பில் தேதியோடு 15 நாள் கூட்டிக் கெடு தேதி கண்டால் பில் தேதியும் கூடவே நகர்ந்துவிடும். இதில் மூலம் அப்படியே நிற்கும். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச்சுக்குத் தாவும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

தமிழில் தேதி கேட்டபோது டேட் கைவிரித்துவிட்டது. அதற்கு ஆங்கில மாதங்கள் மட்டுமே தெரியும். பல மொழிகளில் தேதி காட்டும் இன்டல் என்ற பிஎச்பி நீட்சிக்கு மாறினேன். 'ஏப்ரல்', 'பிற்பகல்' எல்லாம் அழகாக வந்தன. ஆனால் அங்கே எழுத்துகளுக்குப் பொருளே வேறு: பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். பெரிய ஒய் வாரக் கணக்கின்படியான ஆண்டு. பழைய பழக்கத்தில் அதைப் போட்டால் 2024 டிசம்பர் 31 அன்று 2025 என்று காட்டும். சிறிய ஒய்தான் சரி.

மண்டிக்காரர் இப்போது பில்லில் சித்திரை, வைகாசி வேண்டும் என்கிறார். இன்டலில் இருக்கும் இந்திய நாள்காட்டி, சக ஆண்டு எனப்படும் இந்திய அரசின் தேசிய நாள்காட்டிக்கானது. அதில் சாதாரண ஆண்டுகளில் மார்ச் 22 அன்றே முதல் மாதம் பிறந்துவிடும். நமக்கு அப்போது பங்குனி. ஆகவே ஆண்டுதோறும் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதப் பிறப்புகளையும் கையால் தட்டச்சு செய்து ஏற்றுகிறேன்.