நீல மூடிக் குழாயும் சாச்சாவின் நோட்டும்

மே மாதம் கீழக்கரைக்குப் போயிருந்தேன். இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு வைத்தவன் நான். லண்டனில் தினமும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் என் ஐ.என்.ஆர். எண் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும், ஏறினால் எங்காவது கசியும். விரலில் குத்தி ஒரு சொட்டு வைத்தால் ஒரு நிமிடத்தில் எண் காட்டும் சிறு கருவி என் பெட்டியில் எப்போதும் உண்டு.

முதல் நாளே கருவி வேலைநிறுத்தம் செய்தது. வெப்பநிலைக் குறி மின்னியதே தவிர, அளக்க மறுத்துவிட்டது. கடைசியில் பக்கத்துத் தெரு ஏ.டி.எம். அறையின் குளிரில் நின்று விரலைக் குத்திக்கொண்டேன். பணம் எடுக்க வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

என் சாச்சாவுக்கும் (சித்தப்பா) அதே வால்வுதான். ஆனால் அவர் சாப்பிடுவது வார்ஃபரின் போலவே வேலை செய்யும் அசிட்ரோம். முன்பெல்லாம் பரிசோதனைக்கு ராமநாதபுரம் பஸ் ஏற வேண்டும். இப்போது போன் செய்தால் காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டரில் பையன் வந்து ரத்தம் எடுக்கிறான், அஸர் தொழுகைக்கு முன் முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இந்த வசதியைப் பாராட்டத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

முடிவு 5.1 என்று வந்தது. சாச்சா கலங்கி, "இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா, வாப்பா?" என்றார். எனக்குக் காலையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. நீல மூடிக் குழாயில் ரத்தம் பாதிதான் இருந்தது. அதற்குள் ரத்தம் உறையாமலிருக்க வைத்திருக்கும் சிட்ரேட் திரவம், கோடு வரை நிரம்பும் ரத்தத்துக்குக் கணக்கிட்டது. ரத்தம் குறைந்தால் திரவம் மிஞ்சி, உறைய நேரமாகி, எண் பொய்யாக ஏறும். பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தேன். "மெஷின் தப்புச் சொல்லாது சார்" என்றார்கள். மெஷினை யார் குறை சொன்னார்கள்? மருத்துவரிடம் பேசினோம், மறுநாள் மீண்டும் எடுக்கச் சொன்னார். குழாய் நிரம்பியது, முடிவு 3.0.

சாச்சாவின் நோட்டைப் புரட்டினேன். "அரை, முழு, அரை" என்று மாத்திரைக் கணக்கு மட்டும். எண் ஒரு பக்கத்திலும் இல்லை. எழுதி வைக்கும்படி யாரும் சொன்னதில்லையாம். முருங்கைக்கீரையை மட்டும் அடியோடு விடச் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் எனக்குச் சொன்னது வேறு: கீரையை விட வேண்டாம், ஒரே அளவில் சாப்பிடு, ஒரு வாரம் குவித்து மறு வாரம் மறக்காதே. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்வதால் அளவு மாறாமல் இருப்பதுதான் முக்கியம். பிரிட்டனில் 2014-லேயே வீட்டுப் பரிசோதனைக் கருவிகளுக்கு அதிகாரபூர்வப் பரிந்துரை வந்துவிட்டது. என்றாலும் கருவியை வைத்துக்கொள்ளும் முன் இதையெல்லாம் எனக்கு உட்காரவைத்துக் கற்பித்தார்கள். சாச்சாவுக்குக் கிடைக்காதது அந்த அரை மணி நேரம்தான்.

நோட்டில் தேதி, எண், மாத்திரை என்று மூன்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் ஸ்கூட்டர் பையன் சிரிக்கிறான், சாச்சா அதட்டுகிறார்: "கோடு வரைக்கும் நிரப்பு தம்பி, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."