ஒரு வரிதானே என்று ஒட்டினேன்

குறுக்கெழுத்துப் புதிர்களுக்காகச் சின்னதாய் ஒரு தளம் நடத்துகிறேன். வாரம் ஒரு புதிர், விடை அடுத்த வாரம், அவ்வளவுதான். அதில் ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழி) வரியை ஒட்டப்போய் எட்டு மாதம் ஏமாந்து கிடந்தேன். நான் மட்டும் ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். வாசகர்களையும் சேர்த்து மாட்டிவிட்டேன் என்பதால்தான் இந்தப் பதிவு. இதே மாதிரி ஒரு வரி உங்கள் பக்கத்திலும் இருக்கலாம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கம் திறந்ததும் எழுத்துகள் மேலிருந்து மழை போல உதிர வேண்டும். நேரத்துக்குத் தகுந்தபடி "காலை வணக்கம்", "மாலை வணக்கம்" என்று மாற வேண்டும். கீழே, இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓர் எண். எனக்கு எச்டிஎம்எல் (பக்கத்தைக் கட்டும் மொழி) ஓரளவு வரும், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் அப்போது கை நடுங்கும். இந்த மாதிரி வேலைகளைச் செய்து தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரைப் பிடித்தேன். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் மின்னஞ்சலில் ஒரு வரி வந்தது: ஸ்கிரிப்ட் டேக் (ஒரு நிரலைக் கொண்டுவந்து ஓட்டு என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி), அதற்குள் அவருடைய சர்வரின் முகவரி. "சார், இதை பாடி டேக் முடியிற இடத்துக்கு மேல ஒட்டிடுங்க. எஃபெக்ட், கவுண்ட்டர், டிராக்கிங் எல்லாமே இதுக்குள்ள இருக்கு. அப்டேட் எல்லாம் நானே பார்த்துக்குவேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அன்று எனக்குச் சலுகையாகத் தெரிந்தது.

ஒட்டினேன். எழுத்துகள் அழகாக உதிர்ந்தன. ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் மடிக்கணினியின் விசிறி சுற்ற ஆரம்பிக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவுண்ட்டர் முதல் வாரத்திலேயே ஆயிரத்தை நெருங்கியது. விடை அனுப்புகிறவர்கள் என்னவோ அதே பதினைந்து பேர்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சில நேரம் ரீலோட் செய்தால் எண் ஒன்றிரண்டு குறையும். அதற்கு ஒரு சமாதானம்: கேஷ் கோளாறு, பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கம் வருகிறது. ஒரு முறை சர்வர் மாற்றுவதற்காகத் தளத்தை இரண்டு நாள் மூடி வைத்துத் திறந்தால் எண் முன்னூறு அளவுக்கு ஏறியிருந்தது. தேடுபொறிகளின் ரோபோக்கள் வந்திருக்கும் என்று நினைத்தேன். பூட்டிய வீட்டுக்குள் ரோபோ எப்படி வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. எண் ஏறுவது பிடித்திருந்தது, அதுதான் நிஜம்.

ஆறாவது மாதம் ஒரு வாசகி எழுதினார். போனில் என் புதிர்ப் பக்கத்தைத் திறந்தால் ஏதோ சூதாட்டத் தளத்துக்குப் போகிறதாம். நான் என் மடிக்கணினியில் திறந்தேன், எந்தப் பிரச்சினையும் இல்லை. பத்து முறை திறந்தேன். உங்கள் போனில் வைரஸ் இருக்கலாம், ஒரு முறை சோதித்துப் பாருங்கள் என்று அவருக்குப் பதில் போட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

நம் ஆளிடமே கேட்டேன். "உங்க ஹோஸ்டிங்ல மால்வேர் புகுந்திருக்கும் சார். கிளீன் பண்ணித் தர்றேன், ஆனா அதுக்குத் தனி சார்ஜ்." கொடுத்தேன். பிரச்சினை சட்டென்று நின்றது, நன்றிகூடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. மறுபடி கேட்டேன், வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்றைச் சொன்னார். திருடனுக்கே காவல் சம்பளம் கொடுக்கிறேன் என்று அப்போதும் உறைக்கவில்லை.

முன்பு ஒன்றாக வேலை பார்த்த ஓர் அக்கா இருக்கிறார், வெப் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரிடம் புலம்பினேன். "எஃப் 12 அமுக்கி நெட்வொர்க் டேப் பார்த்தியா?" என்றார். பக்கம் எந்தெந்த முகவரிகளோடு பேசுகிறது என்று பிரவுசர் காட்டும் இடம் அது. பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றேன். "எப்படித் திறந்து பார்த்த?" புக்மார்க் வழியாக, மடிக்கணினியில். "அதான் தெரியல. நீ எப்படி வர்றேங்கிறது அவனுக்குத் தெரியும்."

அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய குறிப்புகள் எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தார். டெவலப்பர் கருவியில் டிவைஸ் மோடைப் போன் என்று மாற்றினார். நெட்வொர்க் டேபில் ப்ரிசர்வ் லாக் என்ற சின்னக் கட்டத்தை டிக் செய்தார், இல்லாவிட்டால் பக்கம் தாவும்போது பதிவு எல்லாம் அழிந்துவிடுமாம். என் தள முகவரியைத் தட்டாமல் தேடுபொறியில் புதிரின் பெயரைத் தேடி, வந்த இணைப்பைச் சொடுக்கினார். எழுத்துகள் நாலைந்து உதிர்ந்தன. அப்புறம் திரை வெள்ளையானது. சூதாட்டத் தளம் வந்து நின்றது. திரும்பப் போய் மறுபடி சொடுக்கினார், இந்த முறை என் பக்கம் சமர்த்தாகத் திறந்தது. பிரவுசரில் தளங்கள் குறிப்பு எழுதி வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் இன்றைய தேதி போட்டு ஒரு குறிப்பு கிடந்தது. ஒரு ஆளை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தள்ளிவிடும். யாராவது புகார் சொல்லி, நாம் அவர் கண் முன்னால் திறந்து பார்த்தால் சரியாக இருக்கும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

அந்த ஸ்கிரிப்ட் முகவரியை நேரடியாக பிரவுசரில் தட்டினால் சுத்தமான நிரல்தான் வந்தது. என் பக்கத்திலிருந்து, போனில் கேட்டால் மட்டும் வேறு நிரல். அக்கா அதைப் பாதியில் நிறுத்திப் பிடித்து, ஒரு கோப்பில் சேமித்து, என்னை உட்கார வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். யூசர் ஏஜென்ட்டில் (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி) மொபைல் என்று இருக்கிறதா, ரெஃபரர் (எங்கிருந்து வந்தார் என்ற விவரம்) ஒரு தேடுபொறியா, இன்று ஏற்கெனவே தள்ளிவிட்டாயிற்றா, இந்த மூன்றும் பொருந்தினால் தாவு. போய்ச் சேர வேண்டிய முகவரி பேஸ் 64 என்ற குறியீட்டு முறையில் மறைத்து எழுதப்பட்டு, ஏடூபி என்ற ஃபங்ஷனால் பிரிக்கப்பட்டது.

கவுண்ட்டர் பகுதிக்கு வந்தோம். தொடங்கிய தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எடுக்கிறது. அதை 140-ஆல் பெருக்குகிறது. மணிக்குத் தக்கபடி கொஞ்சம் கூட்டுகிறது. மேத்.ராண்டம் கொண்டு ஒன்று முதல் மூன்றுவரை ஏதோ ஓர் எண்ணை மேலே தூவுகிறது. அவ்வளவுதான் கவுண்ட்டர். எட்டு மாதத்தில் ஒரே ஒரு மனிதரைக்கூட அது எண்ணவில்லை. ரீலோட் செய்தால் ஏன் குறைந்தது, மூடிய தளத்துக்கு ஏன் கூட்டம் வந்தது எல்லாம் அந்த நாலு வரியில் இருந்தது. அக்கா சிரித்துவிட்டார். எனக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சூதாட்டத் தளத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

ஆனால் மோசமானது அதற்கும் கீழே இருந்தது. விடை அனுப்ப என் பக்கத்தில் ஒரு படிவம் உண்டு: பெயர், மின்னஞ்சல், விடை. அந்த ஸ்கிரிப்ட் பக்கத்தில் இருந்த எல்லா எழுத்துப் பெட்டிகளையும் கவனித்துக்கொண்டிருந்தது. தட்டத் தட்டச் சேர்த்து வைத்து, பக்கத்தை மூடும்போது சென்ட்பீக்கன் என்ற வசதி வழியாகத் தன் சர்வருக்கு அனுப்பியது. அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும் என்றுகூட இல்லை. மின்னஞ்சலைத் தட்டிவிட்டு மனசு மாறி அழித்திருந்தாலும் போயிருக்கும். அவர் சொன்ன டிராக்கிங் இதுதான்.

பழைய காலத்துக் கவுண்ட்டர்கள் படங்களாக இருந்தன. இமேஜ் டேக் போட்டால் அந்தச் சர்வர் ஓர் எண் படத்தை அனுப்பும். அதற்குத் தெரிவது வந்தவரின் ஐபி முகவரி, பிரவுசர் வகை, எந்தத் தளத்திலிருந்து கேட்டார் என்பது மாதிரியான விவரங்கள்தான். உங்கள் பக்கத்துக்குள் அது கை வைக்க முடியாது. ஸ்கிரிப்ட் டேக் அப்படி அல்ல. வெளியாள் சர்வரிலிருந்து வந்தாலும், உங்கள் பக்கத்துக்குள் நுழைந்ததும் அது நீங்களே எழுதிய நிரல் மாதிரிதான் நடத்தப்படும். இணைப்புகளை மாற்றலாம், படிவத்தைப் படிக்கலாம், ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபி ஒன்லி என்று பூட்டாத குக்கிகளை (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்புகள்) எடுக்கலாம். "எண்ண மட்டும் செய், வேறு எதையும் தொடாதே" என்று சொல்ல அந்த டேகில் வழியே கிடையாது. அதோடு, இன்று அங்கே இருக்கும் கோப்பு நாளைக்கு வேறாக இருக்கலாம். நீங்கள் ஒட்டியது நிரலை அல்ல, முகவரியை.

ஆள் நல்லவராக இருந்தாலும் போதாது. பாலிஃபில்.ஐஓ கதை தெரிந்திருக்கும். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பித் தந்த சேவை அது, லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த ஒரு வரியை வைத்திருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் கைமாறியது. அந்தச் சேவையை முதலில் உருவாக்கியவரே, வரியை உடனே எடுத்துவிடுங்கள் என்று அப்போதே சொன்னார். ஜூனில் போன் வாசகர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் தள்ளும் நிரல் அதிலிருந்து வருவது தெரியவந்தது. தள நிர்வாகி உள்ளே இருப்பது தெரிந்தால் அது வேலை செய்யாது, அனலிட்டிக்ஸ் (வருகையைக் கணக்கெடுக்கும் கருவி) இருந்தால் தாமதித்துக் கிளம்பும். என்னிடம் நடந்தது அதன் ஏழைத் தம்பி.

அக்கா இரண்டு வேலை செய்யச் சொன்னார். ஒன்று, அந்த வரியைத் தூக்கு. இரண்டு, கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்ற ஹெடரை (பக்கத்தோடு சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் விதி) சர்வரில் சேர்த்து, ஸ்கிரிப்ட் என் தளத்திலிருந்து மட்டும்தான் வரலாம் என்று எழுது. இரண்டாவதை முதலில் செய்து பார்த்தேன், அந்த வரியை எடுக்காமலே. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாக வரிகள் வந்து விழுந்தன, நம் ஆளின் முகவரி ஒவ்வொன்றிலும். கூடவே நான் ஒரு பொத்தானில், அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஆன்கிளிக் போட்டு நேரடியாக எழுதி வைத்திருந்ததும் நின்றுபோனது. பக்கத்துக்குள்ளேயே எழுதுகிற ஸ்கிரிப்டையும் அந்த விதி தடுக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தனிக் கோப்புக்கு மாற்ற ஒரு மாலை போனது. வெளிக் கோப்பு கட்டாயம் வேண்டும் என்றால் இன்டெக்ரிட்டி என்று கோப்பின் ஹாஷை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி) குறிப்பிட்டுப் பூட்டலாம், ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை ஓட்டாது. அடிக்கடி மாறுகிற டிராக்கர்களுக்கு அது உதவாது. அவற்றுக்குச் சாண்ட்பாக்ஸ் போட்ட ஐஃபிரேம்தான் (பக்கத்தின் மற்ற பகுதியைத் தொட முடியாத தனிக் கூண்டு) இடம்.

இப்போது எல்லாம் நானே எழுதியது. வணக்கம் சொல்ல, மணியைத் தரும் கெட்ஹவர்ஸ் வைத்து ஆறு வரி. எழுத்து மழைக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையே படவில்லை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் அனிமேஷன் போதும். அவருடையது இருநூறு எழுத்துகளைச் செட்இன்டர்வெலால் ஓயாமல் நகர்த்திக்கொண்டிருந்தது, விசிறி சுற்றாமல் என்ன செய்யும்? அசைவு வேண்டாம் என்று போனில் அமைத்திருப்பவர்களுக்கு மழை பெய்யாதபடி செய்திருக்கிறேன்.

எண்ணுவதற்குச் சர்வரின் அக்ஸஸ் லாக், அதாவது யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பதிவேடு. ரோபோக்களை முடிந்தவரை கழித்துவிட்டு வாரம் ஒரு முறை பார்க்கிறேன். பெரிய நிறுவனங்களின் அனலிட்டிக்ஸ் போடலாமே என்று கேட்பீர்கள். போடுங்கள், ஆனால் அதுவும் வெளியாள் வரிதான். சாதாரணக் கணக்குகளுக்கு கூகுள் தன் யுனிவர்சல் அனலிட்டிக்ஸை 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு நிறுத்தியது. எதையும் எண்ணாத அந்தப் பழைய வரியைச் சுமந்துகொண்டிருக்கும் பக்கங்களை இன்னும் பார்க்கிறேன். என் கணக்கைச் சொல்லட்டுமா? போன வாரம் வந்தவர்கள் 41 பேர்.

வாசகர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதி மன்னிப்புக் கேட்டேன். வைரஸ் என்று நான் பதில் போட்ட அந்த வாசகிக்குத் தனியாக எழுதினேன். அவர் இன்னும் விடை அனுப்புகிறார், மின்னஞ்சலை மட்டும் மாற்றிவிட்டார். நம் ஆளிடம் சேமித்த நிரலைக் காட்டிக் கேட்டேன். "அது தேர்டு பார்ட்டி கோட் சார், எனக்குத் தெரியாம வந்திருக்கும்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார். கட்டிய பணம் போனது போனதுதான்.

செய்து கொடுத்த வேலைகள் என்று அவர் தன் பக்கத்தில் காட்டியிருந்த தளங்களைத் திறந்து, கன்ட்ரோல் யூ அழுத்தி மூலநிரலைப் பார்த்தேன். இரண்டில் அதே வரி இருந்தது. இரண்டு பேருக்கும் எழுதினேன். ஒருவர் அன்றே எடுத்துவிட்டார். இன்னொருவரிடமிருந்து பதில் வரவில்லை. அவருடைய கவுண்ட்டர் லட்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. தொடங்கிய தேதி ஸ்கிரிப்டிலேயே இருப்பதால், அடுத்த மாதம் எந்த நாளில் அது லட்சத்தைத் தாண்டும் என்று இன்றே என்னால் சொல்ல முடியும்.