மத்தியா, வஞ்சிரமா, சுறாவா?

மாப்பிள்ளை விருந்து என்றால் வஞ்சிரம்தான். மத்தியை வாங்கி வந்தால், "இன்னைக்கு வேற மீனே கிடைக்கலையா?" என்பார்கள். பாதரசக் கணக்கைப் பார்த்தால் இந்த மரியாதை அப்படியே தலைகீழாகிவிடும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் உள்ள சராசரிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ மத்தியில் பாதரசம் 0.013 மில்லிகிராம். வஞ்சிரத்துக்கு நெருங்கிய சொந்தமான கிங் மேக்கரலில், மெக்சிகோ வளைகுடாவில் பிடித்தது, 0.73. சுறாவில் 0.98. அந்தக் கடல் வேறு, நம் கடல் வேறு. எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் வரிசை பொருந்தும், காரணம் எங்கும் ஒன்றுதான். கடலில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக, அதாவது உயிர்களின் உடலில் தங்கிச் சேரும் வடிவமாக, மாற்றுகின்றன. மிதவை உயிர்களைத் தின்னும் மத்தி கொஞ்ச காலமே வாழ்கிறது, அதனால் கொஞ்சம்தான் சேர்க்கிறது. அதைத் தின்னும் வஞ்சிரத்தில் கூடுகிறது. பல ஆண்டுகள் வாழ்ந்து பெரிய மீன்களைத் தின்னும் சுறாவில் இன்னும் கூடுகிறது.

இதைத் தட்டில் வைத்துப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003-ல் ஒரு வரம்பு வைத்தது: உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 96. கிங் மேக்கரலில் 150 கிராம் துண்டு ஒன்று போதும், 110-ஐத் தொட்டுவிடும். மத்தி சாப்பிட்டு அந்த வரம்பை எட்ட வாரம் 7 கிலோ வேண்டும்! வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையை மனதில் வைத்துப் போட்ட வரம்பு இது. மற்றப் பெரியவர்களுக்கு இரண்டு மடங்கு வரை பரவாயில்லை என்று அதே குழு பின்னர் சொன்னது. ஆக மாமனார் வஞ்சிரம் சாப்பிடுவது வேறு, மசக்கையில் இருக்கும் மருமகள் சாப்பிடுவது வேறு.

சிக்கல் சுறாவில்தான். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்கா போட்ட பட்டியலில் சுறா இருக்கிறது. நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு, பால் ஊறும் என்று தேடிப்பிடித்துக் கொடுப்பதே சுறாப்புட்டு. அதற்குத் தேடும் பால் சுறா சிறிய வகை, ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வளரும். பெரிய சுறாவின் எண்ணை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் தோலுரித்துத் துண்டு போட்டு வைத்திருந்தால் அது எந்தச் சுறா என்று யார் சொல்வது? என்னைக் கேட்டால், அந்த மாதங்களில் மத்திக் குழம்பும் நெத்திலி வறுவலும் போதும். ஒமேகா-3-க்கும் குறைவில்லை.

மஞ்சள், புளி போட்டு அலசினாலோ மொறுமொறுவென்று வறுத்தாலோ பாதரசம் போகாது. அது கொழுப்பில் இல்லை, சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. அதனால் வாங்கும்போதே பார்க்க வேண்டும். வஞ்சிரம்தான் வேண்டுமா, சரி, ஏழெட்டுக் கிலோ மீனின் நடுத்துண்டை விட்டுவிட்டு ஒரு கிலோ அளவில் முழு மீனாக வாங்குங்கள். ஒரே இனத்திலும் பெரிய மீனில்தான் பாதரசம் அதிகம்.

கணவாயும் நண்டும் தனிக்கதை. பாதரசம் குறைவு, பதிலுக்குக் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம். பெரும்பாலான மீன் சதைக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று கெடுபிடி காட்டும் ஐரோப்பிய ஒன்றியம், கணவாய்க்கு 1 வரை விடுகிறது. சிறுநீரகத்தில் போய்ச் சேரும் காட்மியம் வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். நல்லவேளை, கணவாயிலும் நண்டிலும் அது பெரும்பாலும் குடல் பக்கத்துச் சுரப்பியில்தான் தங்குகிறது. கணவாயின் தலையைப் பிடித்து இழுத்தால் மைப்பையோடு உள்ளே இருப்பதெல்லாம் வந்துவிடும், கிழியாமல் எடுத்தெறியுங்கள். நண்டில் ஓட்டைத் திறந்ததும் மஞ்சளும் பச்சையுமாகக் கொழகொழவென்று இருக்குமே, பலர் உறிஞ்சிச் சாப்பிடுவது, அதுதான் அந்தச் சுரப்பி.