கரிநெருப்பு, எண் 439: ஸ்ட்ராங் கன்கார்டன்ஸுடன் 14 ஆண்டுகள்

என் ஸ்ட்ராங் கன்கார்டன்ஸ், அதாவது வேதாகமச் சொல் ஒவ்வொன்றும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் புத்தகம், போன வாரம் மலேசியாவின் ஈப்போவில் பைண்டிங் முடிந்து கைக்கு வந்தது. 45 வெள்ளி (ரிங்கிட்). முதுகு பிரிந்து, கடைசி அகராதிப் பக்கங்கள் கழன்று விழ ஆரம்பித்திருந்தன. சுங்கை சிப்புட் ஈரக்காற்றில் 14 வருடம் தாங்கியதே பெரிது. புது அட்டையைப் பார்த்த சபைத் தம்பி ஒருவர், "அண்ணே, நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்டது, கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்துக்குச் செய்தது, எபிரெய, கிரேக்க மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தமிழில் படித்த வசனத்தை ஆங்கிலத்தில் தேடி எண்ணைப் பிடிக்க வேண்டும். அது பழகிவிடும்.

என் கோபமெல்லாம் ஒரு சின்னக் குறியின் மேல்தான். பின்னாலுள்ள அகராதியில் சொல்லுக்குப் பொருள் சொல்லி முடித்ததும் ஒரு முக்காற்புள்ளியும் கோடும் வரும். அதற்கு அப்புறம் இருப்பது பொருள் அல்ல. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லுக்கு அங்கங்கே என்னென்ன போட்டார்கள் என்ற பட்டியல். எண் 2889, கொஸ்மொஸ்: அந்தக் கோட்டுக்குப் பின் அலங்காரம், உலகம் இரண்டும் இருக்கும். 1 பேதுரு 3:3இல் அலங்காரம், யோவான் 3:16இல் உலகம். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒருவர் இரண்டையும் கலந்து, தேவன் அன்புகூர்ந்தது உலகத்தின் அழகில் என்று அரை மணி நேரம் பேசினார். வேதத்தை நம்பி வந்து உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நானும் தப்பவில்லை. யோவான் 21இல் பேதுருவுக்குத் தன்மேல் அன்பு உண்டா என்று இயேசு இரண்டு முறை அகபாவோ (25) என்ற கிரேக்கச் சொல்லால் கேட்கிறார், பேதுரு ஃபிலேயோ (5368) என்ற வேறு சொல்லால் பதில் சொல்கிறார், மூன்றாம் முறை இயேசுவும் ஃபிலேயோவுக்கு வருகிறார். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல். நம் பழைய தமிழ் வேதாகமமோ "அன்பாயிருக்கிறாயா", "நேசிக்கிறேன்" என்று பிரித்தே வைத்திருக்கிறது. அதைக் கண்டபோது கண் கலங்கியது. சரி, 25 என்றால் தேவ அன்பு என்று வருடக்கணக்கில் வகுப்பெடுத்தேன். பிறகு 2 தீமோத்தேயு 4:10 வந்தது. பவுலை விட்டுப்போன தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசை வைத்தானே, அங்கேயும் அதே 25.

அதைக் காட்டிக் கொடுத்தது அகராதி அல்ல, முன்பகுதி. ஒரு சொல் வருகிற இடத்தையெல்லாம் வரிசையாகக் கொடுக்கிறதே, அந்தப் பகுதி. அங்கேதான் 439ஐயும் கண்டேன், அந்திராக்கியா. கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டில் இரண்டே இடம். யோவான் 18:18இல் பேதுரு இயேசுவை மறுதலித்த இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்த நெருப்பு, 21:9இல் கரையில் இயேசு மீன் வைத்திருந்த நெருப்பு. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பாட்டி கரியடுப்பு மூட்டும் வாசத்தில் வளர்ந்தவன் நான். வாசம் பட்டதும் பேதுருவுக்கு அந்த முற்றம் ஞாபகம் வந்திருக்காதா? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இவ்வளவு கொடுத்த புத்தகம்தான். ஆனாலும் தம்பியிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தக் கோட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் புத்தகத்திலேயே, முன்பகுதியிலிருந்து பார்க்கலாம்.