நார்வே வழியா, ஜப்பான் வழியா, நம்ம எல்ஐசி வழியா?

செட்டிநாட்டுப் பழைய வட்டிக்கடைக் கணக்குகளில் மகமை என்று ஒரு பற்று உண்டு, கோயில் திருப்பணிக்கும் தர்மத்துக்கும் என்று வரவிலேயே எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். பணம் வந்த விதம் வேறு பேரேடு. 1930களில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்தது அதில்தான் வரும். நாட்டுப் பணத்தைப் பங்குகளில் போட்டு வளர்க்கும் அரசு முதலீட்டு நிதியங்கள் "பொறுப்பான முதலீடு" (கேடு செய்யும் தொழிலுக்குப் பணம் போகாமல் பார்ப்பது) என்று பேசும்போது நான் பார்ப்பது அந்த இரண்டாவது பேரேட்டைத்தான்.

நார்வே அரசின் நிதியம் அதைத் திறந்தே காட்டுகிறது. எண்ணெய், எரிவாயு விற்ற காசு, 1996-இல் முதல் தவணை போட்டார்கள், எந்த நிறுவனத்தை விலக்கலாம் என்று சொல்ல 2004-இல் அறநெறிக் குழு அமைத்தார்கள். (எண்ணெய் விற்றுவிட்டு அறம் பேசுவதா என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.) புகையிலை நிறுவனப் பங்கு கிடையாது, ஒரு நிறுவனத்தின் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தால் பொதுவாக அதுவும் கிடையாது. நமக்கு நெருக்கமான விஷயம் 2007-இல் நடந்தது: வேதாந்தாவையும் அதன் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட், மேட்டூர் மால்கோ இரண்டையும் விலக்கினார்கள், ஏன் என்று விலாவாரியாக எழுதி வெளியிட்டார்கள். தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது 2018-இல். இவர்கள் பங்கை விற்றதால் ஆலை நின்றுவிடவில்லை, விற்றதை வேறு யாரோ வாங்கியிருப்பார்கள், ஆனால் அந்த அறிக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டும்படி கிடந்தது.

ஜப்பானின் அரசு ஓய்வூதிய நிதியம் நேரெதிர். எந்தப் பங்கு என்று அதுவே பொறுக்கக் கூடாது, வெளி மேலாளர்கள்தான் வாங்குவார்கள், நிறுவனங்களின் பங்குதாரர் கூட்டத்தில் ஓட்டுப் போடுவார்கள். 2017-இலிருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பார்த்துத் தொகுத்த பங்குப் பட்டியல்களிலும் (குறியீடுகள்) பணம் போடுகிறது. விலகிப் போகாமல் உள்ளே இருந்து கேட்பது இவர்கள் வழி. யாருக்கும் வலிக்காது, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, நம்ம எல்ஐசி? நிதியம் இல்லை, காப்பீட்டு நிறுவனம், ஆனால் 96.5 சதவீதம் அரசுடையது. டேர்ம் பாலிசி எடுக்கப் போனால் புகைப்பிடிப்பீர்களா என்று படிவத்தில் கேட்டு, ஆமாம் என்றால் பிரீமியத்தைக் கூட்டுவார்கள். அதே எல்ஐசி கையில் சிகரெட் விற்கும் ஐடிசியின் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம்!

இங்கே நார்வே வழி சரிப்படாது என்றே நினைக்கிறேன். உலகப் பங்குகளில் சராசரியாக ஒன்றரை சதவீதம் வைத்திருப்பவர் கிளம்பினால் சந்தைக்குத் தெரியாது, 15 சதவீதத்தை மொத்தமாகக் கொட்டினால் விலை சரியும், அடி பாலிசிதாரர் தலையில் விழும். அதனால் இருக்கட்டும். ஆனால் ஜப்பான்காரர் மாதிரி மெல்லக் கேட்டுக்கொண்டு இருப்பதும் போதாது. சிகரெட் வருமானத்தை எப்போது, எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும், நார்வேக்காரர் போல, பிரீமியம் கட்டுகிறவர் படிக்கும்படி தமிழிலும் போடட்டும்.